நெகட்டிவ் யார் கையில்?



நல்ல கமரா ஒன்று வாங்கிவிட்டீர்கள். விடியுமுன் எழுந்து, குளிரையும் அட்டைக் கடியையும் பொருட்படுத்தாமல் ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் ஏறி, பனிமூட்டம் விலகும் வேளையில் நாலைந்து படங்கள் எடுத்தீர்கள். "கமராவை 'ரோ' முறையில் வைத்து எடுங்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தீர்கள். வீட்டுக்கு வந்து கணனியில் திறந்தால், பலமுறை துவைத்த சீலைபோல வெளிறிய படமொன்று வருகிறது. சில கணனிகளில் அதுகூடத் திறப்பதில்லை. "இதற்குத் தனி மென்பொருள் வேண்டும்" என்கிறார்கள். எந்த மென்பொருள் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள்.

இம்மாதம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

'ரோ' என்றால் பச்சை, சமைக்காதது என்று பொருள். கமரா வழக்கமாகத் தரும் ஜேபெக் படம் சமைத்த கறி. உப்பும் உறைப்பும் கமராவே போட்டு இறக்கிவிடுகிறது. ரோ கோப்போ சந்தையிலிருந்து வந்த பச்சைச் சாமான். உப்பு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 12 பிட் ரோ கோப்பில் 4,096 படிகளும், 14 பிட் கோப்பில் 16,384 படிகளும் உண்டு. பிதுரங்கலையில் நின்று காலையில் சிகிரியாவைப் படம் எடுக்கிறீர்கள். வானம் பளிச்சென்று இருக்க, குன்று இருண்டு கிடக்கிறது. ஜேபெக்கில் அந்த இருளை வெளிச்சமாக்க முயன்றால் நிறம் திட்டுத்திட்டாக உடையும். ரோ கோப்பிலிருந்து குன்றின் செம்மையைப் பெருமளவு மீட்டெடுக்கலாம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த கலியாணப் படத்தில் மணமகளின் வெள்ளைச் சாரியை மீண்டும் வெள்ளையாக்குவதும் இதில் மிக எளிது.

இனிக் கொஞ்சம் பழைய காலத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் பிஸ்கட் டின் ஒன்றும், அதற்குள் உம்மா வாப்பாவின் கலியாணப் பட நெகட்டிவ்களும் இருக்கக்கூடும். அதைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோ இன்று இல்லாமற் போயிருக்கலாம். ஆனாலும் நெகட்டிவ் உங்களிடம் இருப்பதால் இன்னொரு இடத்தில் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். ரோ கோப்புத்தான் இக்காலத்து நெகட்டிவ். மென்பொருள்தான் இருட்டறை. எந்த இருட்டறை அழகானது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது மூடப்பட்டால் என் படங்களுக்கு என்ன கதி என்று கேட்பவர் குறைவு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

இது வெறும் பயமுறுத்தலல்ல. அப்பிள் நிறுவனம் 2005இல் 'அப்பேர்ச்சர்' என்ற மென்பொருளை 499 டொலருக்கு வெளியிட்டது. பலர் தமது ஆயிரக்கணக்கான படங்களை அதிலேயே ஒழுங்குபடுத்தித் திருத்தி வைத்தார்கள். 2014இல் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. ரோ கோப்புகள் அழிந்துவிடவில்லை. ஆனால் இரவிரவாக விழித்திருந்து செய்த திருத்தங்களை அப்படியே வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஏனென்றால் திருத்தம் ரோ கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. "இவ்வளவு வெளிச்சம் கூட்டு, இவ்வளவு நிறம் குறை" என்ற குறிப்பாக அது பக்கத்தில் தனியே நிற்கிறது. ஒரு மென்பொருளின் குறிப்பு இன்னொன்றுக்கு முழுமையாக விளங்காது.

அடுத்தது சந்தா. அடோபியின் 'லைட்ரூம்' 2007இல் வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் அது நமக்குச் சொந்தம் என்ற நிலை 2015இல் வந்த ஆறாவது பதிப்போடு முடிந்தது. இப்போது சந்தா மட்டுமே. அது நல்ல மென்பொருள், கற்றுக்கொள்ளவும் எளிது. அதில் ஐயமில்லை. ஆனால் சந்தா டொலரில். நம் சம்பளமோ ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் இங்கே ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. அக்காலத்தில் படக்கலைஞர்களுக்கான சந்தா மாதம் 9.99 டொலர். அப்படியானால் 2,000 ரூபாவாக இருந்த செலவு இரண்டே மாதங்களில் 3,600 ரூபாவாயிற்று. கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அந்த நேரத்தில் பொழுதுபோக்குக்கு மாதம் 3,600 ரூபா எடுத்துவைக்க எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? சந்தாவை நிறுத்தினால் 'லைட்ரூம் கிளாசிக்'கில் உங்கள் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

முதலாவது, உங்கள் கமராவைச் செய்த நிறுவனமே தரும் மென்பொருள். கெனனுக்கு 'டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல்', நிக்கோனுக்கு 2021இல் வந்த 'என்எக்ஸ் ஸ்டூடியோ', சோனிக்கு 'இமேஜிங் எட்ஜ்'. மூன்றும் இலவசம். கமராவின் திரையில் கண்ட நிறத்தை ஏறக்குறைய அப்படியே இவை தரும். புதிதாகப் பழகுவோருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஒன்று: பிற நிறுவனத்துக் கமராவின் கோப்பை இவை ஏற்கா.

இரண்டாவது, ஆர்வலர்கள் கூடி எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள்கள். 2009இல் வந்த 'டார்க்டேபிள்', ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் தொடங்கி 2010இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட 'ரோதெரபி' ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இவற்றின் மூலநிரல் பகிரங்கமாக இருப்பதால் ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். குறையும் உண்டு. திறந்தவுடன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். பழைய கணனியில் டார்க்டேபிள் மெதுவாகவே நகரும். ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால்தான் கைவரும்.

மூன்றாவது, ஒருமுறை விலை கொடுத்து வாங்குபவை. 'டிஎக்ஸ்ஓ போட்டோலேப்' இதற்கு உதாரணம். மங்கிய வெளிச்சத்தில் விழும் புள்ளிகளை நீக்குவதில் கெட்டிக்காரப் பொருள். ஆயினும் நாளை புதிய கமரா வாங்கினால் மென்பொருளின் புதிய பதிப்பையும் விலைக்கு வாங்க நேரலாம்.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் காதோடு சொல்வார்கள், பூட்டுடைத்த திருட்டுப் பிரதி. அதோடு வைரஸும் சேர்ந்து வந்து முழுக் கணனியையும் பாழாக்கக்கூடும். அதைவிட, பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுப்பது நமக்கு ஆகுமா என்பதை உங்கள் மனச்சாட்சியிடமே கேளுங்கள். இலவசமாகவே நல்லவை கிடைக்கும்போது, வேறு வழியில்லை என்று சொல்லவும் இடமில்லை.

இன்னொரு விஷயம். சில மென்பொருள்கள் படங்களை உங்கள் கணனியில் வைத்தே வேலை செய்யும். சில, மூலக் கோப்புகளை நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு ஏற்றிவிடும். 'லைட்ரூம்' என்ற பெயரிலேயே இரண்டு வகையும் உண்டு. வீட்டுப் பெண்களின் படங்களும் பிள்ளைகளின் படங்களும் ஓர் அமானிதம். அவை எங்கே போய்த் தங்குகின்றன என்று தெரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

தேர்ந்தெடுக்க ஓர் எளிய முறை சொல்கிறேன். உங்கள் சொந்தப் படங்களில் மூன்றை எடுங்கள்: பனிமூட்டத்தில் எடுத்தது ஒன்று, வானமும் நிழலும் ஒருங்கே உள்ளது ஒன்று, வீட்டு விளக்கில் எடுத்த முகம் ஒன்று. அதே மூன்றையும் இரண்டு மென்பொருள்களில் ஒரு வாரம் திருத்திப் பாருங்கள். பனி பனியாக இருக்கிறதா? நிழலில் புள்ளி விழுகிறதா? முகம் உங்களுக்குத் தெரிந்த அதே முகமாக இருக்கிறதா? ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் செல்கிறது? விளம்பரம் சொல்லாததை இந்த மூன்று படங்களும் சொல்லிவிடும். இலவசமானதில் உங்களுக்கு என்ன போதவில்லை என்று பெயர் சொல்லிக் கூற முடிந்த பிறகு, காசைப் பற்றி யோசியுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் மூன்று பழக்கங்களைக் கைவிடாதீர்கள். ரோ கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். அதற்குப் பிரதி எடுத்து வேறொரு ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். திருத்தி முடித்த படத்தை முழு அளவில் ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ வெளியே எடுத்து வையுங்கள். பிறகு மென்பொருள் நின்றாலும் சந்தா நின்றாலும் முடித்த படம் உங்களிடம் இருக்கும்.

உம்மா மாமரத்தடியில் நின்று சிரிக்கும் படம் ஒன்றை எடுத்திருப்பீர்கள். இன்னும் முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை ஒருவர் அதைத் தேடுவார். எந்த மென்பொருளில் திருத்தினீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். படம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்பார்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.