டி காஸ்பெரி யாருடைய கைப்பாவை?

போருக்குப் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இத்தாலியின் பிரதமராக இருந்த அல்சிடே டி காஸ்பெரியைப் போப்பாண்டவரின் கைப்பாவை என்றும் அமெரிக்காவின் ஏவலாள் என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

போப்பாண்டவர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். முசோலினியின் சிறையிலிருந்து வெளிவந்தவருக்குச் சோறு போட்டது வாட்டிகன் நூலக வேலைதான். ஆழ்ந்த பக்தர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் 1952-இல் நடந்தது என்ன? ரோம் நகராட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமோ என்று போப் பன்னிரண்டாம் பயஸ் அஞ்சினார். புதிய பாசிஸ்டுகளையும் சேர்த்து ஒரே அணி கட்டும்படி வாட்டிகன் நெருக்கியது. டி காஸ்பெரி இணங்கவில்லை. அதே ஆண்டு, தம் முப்பதாவது மணநாளையும் துறவியான மகளின் வார்த்தைப்பாட்டையும் ஒட்டிக் குடும்பத்தோடு போப்பைச் சந்திக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. கிறிஸ்தவனாக இந்த அவமானத்தை ஏற்கிறேன், பிரதமராக என் வியப்பைப் பதிவு செய்கிறேன், விளக்கம் கேட்பேன் என்ற பொருளில் வாட்டிகனுக்கான இத்தாலியத் தூதருக்கு எழுதினார். எந்தக் கைப்பாவை இப்படி எழுதும்?

கைப்பாவை அல்ல என்பதற்கு இன்னொரு சான்று: 1948 தேர்தலில் 574 இடங்களில் 305 அவர் கட்சிக்கே கிடைத்தன. தனித்து ஆண்டிருக்கலாம். ஆனாலும் சமயச் சார்பற்ற மூன்று சிறு கட்சிகளையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது அமெரிக்கா. 1947 ஜனவரியில் வாஷிங்டன் போனார், மே மாதம் இடதுசாரிகளை அரசிலிருந்து விலக்கினார். ஆகவே அது அங்கிருந்து வந்த உத்தரவு என்கிறார்கள். அமெரிக்க அழுத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சியை அவர் தடை செய்யவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய அரசியல் சாசனத்தில் அரசியல் நிர்ணய சபைத் தலைவரும் கம்யூனிஸ்டுமான தெர்ராசினியின் கையெழுத்தும் இவருடைய கையெழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. மார்ஷல் உதவியை நிர்வகித்த அமெரிக்க அதிகாரிகள், இத்தாலி போதிய அளவு முதலீடு செய்யவில்லை என்று 1949-இல் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். அப்படியும், தன் நாணயமான லிராவின் மதிப்பைக் காக்கும் கொள்கையை ரோம் கைவிடவில்லை.

அவர் செய்த பிழை வேறு. பாதிக்கு மேல் வாக்குப் பெறும் அணிக்குக் கூடுதல் இடங்கள் தரும் 1953 தேர்தல் சட்டத்தை எதிரிகள் மோசடிச் சட்டம் என்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் அணி சில பத்தாயிரம் வாக்குகளில் பாதியைத் தவறவிட்டபோது முடிவை ஏற்றுக்கொண்டார். 1953 ஜூலை 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவியை விட்டு இறங்கினார்.