முதலில் திகதியைப் பாருங்கள்

சகோதரி ஒருவர் கேட்கிறார்: வீட்டுப் பழைய கம்பியூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருகிறதாம். மகனோ, ‘பரவாயில்லை உம்மா, உள்ளே போங்க’ என்கிறானாம்.

அவசரம் வேண்டாம். திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் உண்டு. அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். கம்பியூட்டர் 2009 என்று காட்டினால், இன்றைய பத்திரம் அதன் கணக்கில் இன்னும் பிறக்காத பிள்ளை! திகதியைத் திருத்தினால் போதும். மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் அது மீண்டும் பின்னோக்கிப் போகிறதென்றால், உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற பெட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்பதுதான், அதை மாற்றுங்கள்.

மிகப் பழைய கருவியானால் இன்னொன்றும் உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த மூலப் பத்திரம் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத கருவிகள் பல நல்ல தளங்களையும் சந்தேகித்தன.

திகதி சரி, மற்றத் தளங்களும் திறக்கின்றன, வங்கித் தளம் மட்டும் மறுக்கிறதா? அப்போது மகன் பேச்சைக் கேட்காதீர்கள். மறுபக்கத்தில் இருப்பது வங்கிதானா என்று தெரியாத நேரத்தில் கடவுச்சொல்லைத் தட்டக்கூடாது. வங்கிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.