பேட்டர்னைப் பார்த்தாலே பயமா?

‘இடைப்புள்ளி, 15 முதல் 8 வரை’. மார்கழிக் கோலத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்தால், கோலம் பழகியவர்கள் யாரும் திகைப்பதில்லை. நடுவரிசையில் 15 புள்ளி, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடியும் என்று கை தானாகவே வைத்துக்கொண்டு போகும். அதே கை குரோஷா ஊசியைப் பிடித்துக்கொண்டு, ‘*2 எஸ்.சி., 1 இன்க்* 6 முறை (24)’ என்ற வரியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது.

வீடியோ பார்த்து அழகாகச் சங்கிலி போடுகிறவர்கள்கூட, எழுதிய பேட்டர்ன் என்றால் ‘அதெல்லாம் நமக்கு வராது’ என்று ஒதுங்கிவிடுவது உண்டு. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவோ அத்தையோ போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பல வீடுகளில் இந்த வேலை கைமாறியது. டி.வி. மேல் போட்ட விரிப்பும் வாசல் திரையும் தாளைப் பார்க்காமலேயே வளர்ந்தவை. பழக்கமில்லாததுதான் பயமுறுத்துகிறது.

அந்த வரியையே பிரித்துப் பார்க்கலாம். ‘எஸ்.சி.’ என்றால் சிங்கிள் குரோஷே, குட்டையான சாதாரணத் தையல். ‘இன்க்’ என்றால் இன்கிரீஸ், அதாவது ஒரே தையலுக்குள் இரண்டு போடுவது. இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு 4 தையல், 6 தடவைக்கு 24. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 24 அதுதான், சுற்று முடிந்ததும் எண்ணிச் சரிபார்க்கத் தந்திருக்கும் விடை. கணக்கோடு விடையையும் சேர்த்துக் கொடுக்கும் கேள்வித்தாள் வேறு எங்கே கிடைக்கும்!

முழுப் பக்கத்தையும் முதலிலேயே படித்துப் புரிந்துகொள்ள முயல்வதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். பத்தாவது வரி, ஒன்பதாவதை ஊசியில் போட்டு முடித்த பிறகுதான் புரியும். ஒரு ஸ்கேலை வைத்துக் கீழே உள்ள வரிகளை மறைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் பார்த்தால் போதும். சுற்றின் முதல் தையலில் ஓர் ஊக்கை மாட்டிவைத்தால் எங்கே ஆரம்பித்தோம் என்ற குழப்பமும் வராது.

கவனிக்க வேண்டிய உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்கப் பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள் குரோஷே’ என்கிறார்கள். அமெரிக்க டபுள், அங்கே ட்ரெபிள். பெயர் ஒன்று, தையல் வேறு. இது தெரியாமல் போட்டால் குழந்தைத் தொப்பி அப்பா தலைக்குப் பொருந்தும் அளவுக்கு வந்து நிற்கலாம். பழி என்னவோ போட்டவர் கைமேல்தான் விழும். பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

முதல் முயற்சிக்கு வெளிர் நிறத்தில் சற்றுத் தடிமனான நூலும் 5 மி.மீ. ஊசியும் வசதி. கறுப்பு நூலிலும் பிசிறு அதிகமுள்ள நூலிலும் தையல் கண்ணுக்கே தெரியாது, எண்ணுவது எப்படி? டம்ளருக்கு அடியில் வைக்கும் சின்னச் சதுரம் போதும்.

தப்பினால்? நூலை இழுத்தால் அவிழும், அவ்வளவுதான். குரோஷாவில் ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு லூப்தான் இருக்கும் என்பதால், தப்பு நடந்த இடம் வரை அவிழ்த்து அங்கிருந்தே தொடரலாம். ஆங்கிலத்தில் இதற்குத் தவளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘ரிப் இட், ரிப் இட்’ என்று சொல்லிப் பார்த்தால் தவளை கத்துவது போலவே இருக்குமாம்.

இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். அந்த வரிசையின் எல்லா லூப்பும் ஊசியிலேயே இருப்பதால் அவிழ்க்கும்போது நழுவி ஓடும். அதற்கும் வழி இருக்கிறது. சரியாக வந்த வரிசையின் லூப்புகள் எல்லாவற்றுக்குள்ளும், தையல் ஊசியால் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிட வேண்டும். பிறகு எத்தனை வரிசை அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.