உரியவரைத் தேடிப் போகாத பணம்

தாமிரபரணி கடலோடு கலப்பதற்குச் சற்று முன்பாக, முக்காணிக்கும் புன்னைக்காயலுக்கும் அருகே அமைந்த ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததை நாமெல்லாம் கொண்டாடினோம்; ஆனால் அந்தக் கொடிக்கால்களில் அகத்தி மரங்களுக்கு நடுவே விடியுமுன் இறங்கி வெற்றிலை கிள்ளி, கூலியில் மிச்சம் பிடித்த சொற்பத் தொகையை வங்கியில் போட்டுவிட்டு, அந்தப் பாஸ்புக்கை டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டியின் மடிப்புக்குள் செருகி வைத்தவர், மனைவி மக்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கண்மூடிவிட்டால் அந்தப் பணம் என்ன கதியாகிறது என்பதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிறது. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் அதிலுள்ள தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்ச் சேருகிறது. 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்தது 78,213 கோடி ரூபாய். ஏழு ஆண்டுகள் வாங்கப்படாத பங்காதாயத்துக்கும் இதுபோல வேறொரு நிதி உண்டு. இவ்விரண்டிலும் உடையவரின் பாத்தியதை அழிந்துவிடுவதில்லை; வாரிசுகள் எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பதே சட்டம்.

கேட்பதற்கு வழி செய்யவில்லை என்று ரிசர்வ் வங்கியைக் குறை கூற முடியாது. 2023 ஆகஸ்டு 17 அன்று தொடங்கப்பட்ட ‘உத்கம்’ இணையதளத்தில், கைப்பேசி எண்ணைப் பதிந்து, கணக்குதாரரின் பெயரையும் வங்கியையும் குறித்து, பான் எண், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி, முகவரி என்பவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். ஆயினும், தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் நிற்க, சண்முகம் என்ற பெயரை எழுதியவரெல்லாம் ஆங்கிலத்தில் தத்தம் இஷ்டப்படி எழுதி வைத்திருக்க, தன் தாத்தாவுக்குக் கணக்கு இருந்ததென்றே அறியாத பேரன் எந்த வங்கியைக் குறித்து, எந்த எழுத்தில் தொடங்கித் தேடுவான்?

அதே ஆண்டு ஜூன் முதல் தேதி தொடங்கிய இயக்கமொன்றில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியும் நூறு நாட்களுக்குள் மிகப் பெரிய நூறு வைப்புகளின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி பணித்தது. நல்ல காரியம்தான், ஆனால் பெரிய தொகையிலிருந்து எண்ணத் தொடங்கினால், கொடிக்கால் கூலியின் இரண்டாயிரம் ரூபாய் எந்த நூறிலும் இடம்பெறாது என்பது என் மனத்தை உறுத்துகிறது. இந்தக் கரையின் சாதாரண ஜனங்கள் பொதுக் காரியத்தை நம்பிச் சிறு தொகை போட்டவர்கள்: 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய்.

ஆகவே நான் கோருவது இதுதான். வங்கிக் கிளை ஒவ்வொன்றும், தன்னிடமிருந்து நிதிக்குப் போன கணக்குகளின் பட்டியலை, தொகையையும் கணக்கு எண்ணையும் விடுத்து, பெயர், தகப்பனார் பெயர், தெரு ஆகியவற்றோடு தமிழில் அச்சிட்டு, பேரூராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். இரகசியம் கெடுமே என்று ஆட்சேபிக்க இடமில்லை. பெயரையும் முகவரியையும் வங்கிகள் தம் இணையதளங்களில் வெளியிட வேண்டுமென்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் கிழவி ஒருத்தி அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், எந்தச் சண்முகம் எவருடைய மாமனார் என்று தெரு முழுவதற்கும் அவளே சொல்லிவிடுவாள். ஆத்தூர்க் கிளைகள் வருகிற ஏப்ரலிலேயே இதைத் தொடங்கலாம்.