ஐந்து நிமிட யோகாவும் பன்னிரண்டு மணி நேர வேலையும்

சர்வதேச யோகா தினத்தை ஒட்டி, ஊழியர்களின் மன அழுத்தம் குறித்த கரிசனம் ஆண்டுதோறும் பொங்கி வழிகிறது. ஆயுஷ் அமைச்சகத்தின் ‘ஒய்-பிரேக்’ என்ற ஐந்து நிமிட யோகா பயிற்சியை இருக்கையில் அமர்ந்தபடியே செய்யலாம் என்று மத்தியப் பணியாளர் துறை 2024 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியது. தனியார் நிறுவனங்கள் தியானச் செயலிக்குச் சந்தா கட்டிவிட்டு, ஊழியர்களின் மனநலத்தை முழுமையாகப் பேணுவதாகப் பெருமைப்படுகின்றன. யோகா நல்லது, மூச்சுப் பயிற்சியும் நல்லதுதான். ஆனால், மனிதரை நோகடிக்கும் சூழலை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த நோவைத் தாங்க அவருக்குப் பயிற்சி கொடுப்பது எந்த வகையில் முழுமையான மனநலப் பராமரிப்பாகும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் கட்டுரை வெளியிட்டார். மனஉறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்களின் மனநலம், பங்கேற்காதவர்களுடையதைவிட மேம்பட்டிருக்கவில்லை. விதிவிலக்கு, பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு மட்டும்தான்.

வேலைச் சூழல் மனநலத்தைப் பாதிக்கும் என்பது மத்திய அரசுக்குத் தெரியாததல்ல. நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மேசை முன் அமர்ந்திருப்போரின் மனநலம் மோசமாக இருப்பதை 2025 ஜனவரியில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துச் சொன்னது. நோயின் காரணத்தை ஏட்டில் எழுதிவிட்டு, மருந்தாக ஐந்து நிமிட யோகாவைத் தருவது கைகழுவும் வேலை. தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர்களின் மனநலத்துக்காக அண்மைக் காலத்தில் இங்கு நடந்த மிகப் பெரிய நற்காரியம் அதுதான்.  

முழுமையான பராமரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஜிம்பாப்வேயைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, உயிரை மாய்த்துக்கொண்டார். நோயாளி வர முடியாவிட்டால் சிகிச்சைதான் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார் சிபாண்டா. 2006இல் தலைநகர் ஹராரேயின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி அளித்து, ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்ச். அதில் ஒரு பாட்டி. கணவன் அடிக்கிறான், வேலை போய்விட்டது, எச்ஐவி மாத்திரையை விழுங்கவே பிடிக்கவில்லை என்று எந்தக் குறையோடும் அவரிடம் போகலாம். பாட்டி முதலில் முழுவதையும் கேட்பார். பிறகு, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து திட்டமிடுவார்கள். அடுத்த கட்டமாக, வந்தவர் ஓர் ஆதரவுக் குழுவில் சேர்வார். அங்கு பேசிக்கொண்டே பிளாஸ்டிக் கழிவிலிருந்து பைகள் பின்னுவார்கள். விற்றுவரும் காசு வீட்டுக்குப் போகும். செவிகொடுக்க ஆள், துணைக்குக் கூட்டம், கையில் வருமானம் என மூன்றும் ஒரே இடத்தில்!

பலன் என்ன? 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, வழக்கமான பராமரிப்பைப் பெற்றோரில் 49.9% பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களிலோ 13.7% பேருக்குத்தான். இத்தனைக்கும் அந்தப் பாட்டிகள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். பட்டம் இல்லாதவர் மனநலத்தில் கைவைக்கலாமா என்று கேட்போர், இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்தியாவில் மனநலப் பாதிப்புக்கு உள்ளானோரில், நோயைப் பொறுத்து 70 முதல் 92% பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்கிறது 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு. மருத்துவர்களை மட்டும் நம்பி இந்தப் பள்ளத்தை மூட முடியாது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த மாத்திரையோடு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். பலர் மகளிர் சுய உதவிக் குழுவினர். தெருவின் கஷ்டங்கள் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்கு முறையான பயிற்சியும் மதிப்பான ஊதியமும் கொடுத்து, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பெஞ்ச் போட வேண்டும். மனச்சிதைவு போன்ற தீவிர நோயின் அறிகுறி தெரிந்தால், அங்கிருந்தே மருத்துவரிடம் அனுப்பலாம். 14416 ‘டெலி-மானஸ்’ உதவி எண்ணோடும் இணைக்கலாம்.

பெஞ்சுகளைப் போட்டு, வேலை நேரத்தை எட்டு மணி நேரத்தோடு கறாராக நிறுத்தினால், இம்மாநிலத்தின் மனச்சோர்வு குறைய வழி பிறக்கும்.  வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான ஒதுக்கீட்டை அரசு அறிவிக்க வேண்டும்.