எலி மட்டும் உயிர் இல்லையா, டீச்சர்?



போன வாரம் நான் பகிர்ந்த படத்துக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். மரியன் தீவில் தலையெல்லாம் ரத்தக் காயத்தோடு கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் குஞ்சின் படம். "இந்தத் தீவின் சுண்டெலிகளை மருந்து போட்டு அடியோடு ஒழிக்கத்தான் வேண்டும்" என்று நான் எழுதிய வரிதான் பலருக்கு உறுத்தியிருக்கிறது. தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, "எறும்பைக்கூட மிதிக்காதே என்று சொன்ன டீச்சரா இது? எலி மட்டும் உயிர் இல்லையா?" என்று கேட்டாள். கொழுந்தனார் ஒருவர், "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா அண்ணி?" என்றார். இருவருக்கும் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது.

மரியன் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான தீவு. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டர். வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் தவிர மனிதர்கள் கிடையாது. வாண்டரிங் அல்பட்ராஸ் என்ற பெரும்பறவை உலகில் எவ்வளவு உண்டோ, அதில் ஏறக்குறைய கால்வாசி முட்டையிடுவது இங்கேதான். சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான். குஞ்சு குளிர்காலம் முழுக்கத் தரையில் உள்ள கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். தாயும் தகப்பனும் கடலில் வெகுதூரம் போய் இரை கொண்டுவரும்.

சுண்டெலிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்காரர்களின் கப்பல்களில் வந்து இறங்கியவை. நம் வீட்டுப் பரணில் ஓடுகிற அதே இனம்தான். அவை வானிலை நிலையத்தில் தொல்லை கொடுக்கவே, 1949 வாக்கில் ஐந்து பூனைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஐந்தே ஐந்து! 1977-இல் அவை சுமார் 3,400 ஆகியிருந்தன. பூனைக்கு என்ன தலையெழுத்தா, ஓடுகிற எலியைத் துரத்த? வளைக்குள் அசையாமல் இருக்கும் பெட்ரல் பறவைகளைத் தின்றன. ஆண்டுக்கு நாலரை லட்சம் பறவைகள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிறகு நோய்க் கிருமியைப் பரப்பியும், இரவில் விளக்கோடு போய்ச் சுட்டும், பொறி வைத்தும் 1991-இல் கடைசிப் பூனையையும் ஒழித்தார்கள். சுண்டெலியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

தட்பவெப்பம் மாறி, தீவில் சூடு கூடக் கூட எலிகள் பெருகின. பூச்சி புழுக்களைத் தின்று தீர்த்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பறவைக் குஞ்சுகளைக் கடிக்க ஆரம்பித்தன. இராத்திரியில் முதுகிலும் தலையிலும் ஏறி உட்கார்ந்து தின்னும். குஞ்சு தட்டிவிடக்கூட மாட்டேன் என்கிறது. தரையில் திரியும் பகையே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இனத்துக்கு அதைத் தட்டிவிட வேண்டும் என்றே தெரியாது. பல இரவுகள் பிழைத்திருந்துதான் சாகிறது. 2023-இல் வளர்ந்த பறவைகளையும் எலிகள் தாக்கியது தெரியவந்தது.

மகளே, ஜீவகாருண்யம் பேசுகிற நாம் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? மருந்து போடாமல் இருந்தால் அங்கே யாரும் சாகமாட்டார்கள் என்பதில்லை.

மருந்து நல்ல சாவு தரும் என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து அது. சில நாட்களில் உள்ளே ரத்தம் கசிந்து எலி சாகும். செத்த எலியைத் தின்னும் ஸ்குவாக்களும், தீவனத்தையே கொத்தித் தின்னும் ஷீத்பில் என்ற வெள்ளைப் பறவைகளும் சில சாகும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் மருந்து தூவியபோது ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. அதை மறைத்துப் பேசினால் நான் வாத்தியார் வேலை பார்த்ததற்கு அர்த்தமில்லை. ஆனால் அதே மக்குவாரியில் எலியும் முயலும் அற்றுப்போய்விட்டன என்று 2014-இல் அறிவித்தார்கள். ஆடுமேய்ந்த தரிசுபோல் முயல்கள் மொட்டையடித்திருந்த சரிவுகளில் புல் திரும்ப வளர்ந்தது, வளைகட்டும் பறவைகள் திரும்பி வந்தன. தெற்கு ஜார்ஜியா என்ற பெரிய தீவும் 2018-இல் எலியற்றதாக அறிவிக்கப்பட்டது.

எனக்கு உண்மையான பயம் வேறு. சுமார் 30,000 ஹெக்டேர், குன்றும் பனியும் சூறைக்காற்றும். ஹெலிகாப்டரில் ஒரு குளிர்காலத்துக்குள் ஓர் இடம் விடாமல் தூவ வேண்டும். ஒரு ஜோடி எலி தப்பினாலும் மொத்தமும் வீண். காஃப் தீவில் 2021-இல் இப்படித்தான் எல்லாம் செய்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஒரு சுண்டெலி கேமராவில் தென்பட்டது. அந்த முயற்சி தோற்றது. அதனால்தான் மரியனில் பணமும் ஆளும் முழுசாகச் சேரும்வரை தொடங்கக் கூடாது என்கிறேன். ஒரு ஹெக்டேருக்கு ஆயிரம் ராண்ட் என்று உலகம் முழுக்க நன்கொடை கேட்கிறார்கள். அரைகுறைப் பணத்தில் அரைத் தீவுக்கு மட்டும் தூவினால், செத்த எலிகளும் பாவம், செத்த ஷீத்பில்களும் பாவம். மிச்ச எலிகள் சில ஆண்டுகளில் பழையபடி பெருகிவிடும்.

கொழுந்தனாருக்கு ஒன்று: வீட்டைக் கொளுத்தும் வேலையா இது என்று கேட்டீர்கள். மரியனுக்கு 19 கிலோமீட்டர் தள்ளிப் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. எலியும் போகவில்லை, பூனையும் போகவில்லை. அங்கே அல்பட்ராஸ் குஞ்சுகளை எலி தின்பதில்லை. இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், கோபமாகவே எழுதலாம். கண்ணில் சொட்டு மருந்து போடுகிறேன், பதில் நாளைதான் வரும்.