இரண்டாயிரம் வரிக்குள் இடம் கிடைக்காத எழுத்துகள்

குறைந்த நிரலே நல்ல நிரல் என்பது கணினியியல் மாணவரிடையே ஏறத்தாழ ஒரு மதக்கோட்பாடாகிவிட்டது. அந்தக் குறைவு எந்த மொழியின் எழுத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிடப்பட்டது என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது.

இக்கோட்பாட்டினர் தவறாமல் முன்வைக்கும் சான்று, 2006ஆம் ஆண்டு வெளிவந்த டிடபிள்யூஎம் என்னும் சாளர மேலாளர். தரையில் ஓடு பதிப்பதுபோலச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் திரையில் அடுக்கித் தரும் சிறு நிரல் அது. அதற்குத் தனி அமைப்புக் கோப்பு கிடையாது. விசைகளையோ வண்ணத்தையோ மாற்ற விரும்புபவர் சி மொழியில் உள்ள மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். மொத்த நிரலும் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்பது அதை உருவாக்கியவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட வரம்பு. இதன் கல்விப் பயனை மறுப்பதற்கில்லை. முழு நிரலையும் ஒரு மாணவர் சில நாட்களில் படித்துவிடலாம். கட்டற்ற மென்பொருள் வாக்களிக்கும் கற்கும் உரிமையும் திருத்தும் உரிமையும் இங்கே கைக்கெட்டுகின்றன.

ஆயினும் இதே நிரல் திரையின் மேற்பட்டையில் சாளரத்தின் தலைப்பையும் எழுதிக்காட்டுகிறது. 'தேர்வு' என்ற பெயருள்ள ஆவணத்தைத் திறந்தால், தகரத்தின் இடப்புறம் நிற்க வேண்டிய ஏகாரக் குறி வலப்புறம் போய் நிற்கிறது. ஒரே வடிவாக இணைய வேண்டிய 'வு' இரண்டாகப் பிரிகிறது. காரணம் எளியது. அது நம்பியிருக்கும் எக்ஸ்எஃப்டி நிரலகம், ஒருங்குறியின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் உரிய உருவத்தை எடுத்து வரிசையாக வைப்பதோடு நின்றுவிடுகிறது. இலத்தீன் எழுத்துக்கு அது போதும். தமிழ், தேவநாகரி, வங்காளம், மலையாளம் ஆகியவற்றுக்குக் குறிகளை இடம் மாற்றி, வடிவங்களை இணைக்கும் இன்னொரு படி தேவை. ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நிரலகங்கள் செய்யும் அந்தப் பணிக்கு இங்கே இடமில்லை.

சாளரங்களை அடுக்குவது மட்டுமே மேலாளரின் கடமை என்பது ஆதரவாளர்களின் முதல் விடை. அப்படியானால் தலைப்பை எழுதவே கூடாது. எழுதத் தொடங்கிய பின் ஒரு மொழிக்குச் சரியாகவும் மற்றொன்றுக்குப் பிழையாகவும் எழுதுவதை எளிமை என்று அழைக்க முடியாது. வேண்டுபவர் நிரலைத் திருத்திக்கொள்ளலாம் என்பது இரண்டாம் விடை. பாங்கோவை இணைக்கும் பேட்சுகள் மூலநிரலுக்கு வெளியே கிடைப்பதும் உண்மை. ஆங்கிலப் பயனருக்கோ தொகுத்த முதல் நாளிலேயே எழுத்து ஒழுங்காக வருகிறது. தமிழ்ப் பயனர் பேட்சைத் தேடி, பொருத்தி, பதிப்பு மாறும்போதெல்லாம் மீண்டும் சரிபார்க்க வேண்டும். உரிமை இருவருக்கும் ஒன்று. அதற்குக் கொடுக்கும் விலை வேறு. பயனர் கூட்டம் சிறிதாகவும் மேட்டிமையோடும் இருப்பதைத் தன் வலைமனையிலேயே பெருமையாக எழுதிவைத்த திட்டத்துக்கு இந்த விலை உறுத்தாதது வியப்பன்று.

மாற்றுவழி இல்லாமலும் இல்லை. டிடபிள்யூஎம்மின் நிரலிலிருந்தே 2007இல் கிளைத்த ஆசம் என்னும் மேலாளரும் நிரல் வழியாகவே அமைக்கப்படுகிறது. லுவா மொழியில் எழுதப்படும் அதன் அமைப்பும் பயனர் கையில்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தை வரைய அது பாங்கோவைப் பயன்படுத்துகிறது. அதனால் அது பெரிது, சார்புகளும் மிகுதி. அந்தக் கூடுதல் எடையின் ஒரு பகுதி, உலகின் பாதி எழுத்துமுறைகளைப் பிழையின்றிக் காட்டுவதற்கான எடை. அதை வீண்சுமை என்று வகைப்படுத்துவது தொழில்நுட்ப முடிவு மட்டுமன்று.

டிடபிள்யூஎம்மை இந்திய வகுப்பறைகள் தாராளமாகப் பாடமாக வைக்கட்டும். கூடவே ஒரு பயிற்சியும் தரட்டும்: மேற்பட்டையில் 'தேர்வு' என்ற சொல் சரியாகத் தெரியும்வரை நிரலைத் திருத்தி, எத்தனை வரிகளும் எத்தனை சார்புகளும் கூடின என்று எண்ணுக. 2000 என்ற வரம்பை யார் செலவில் காத்தார்கள் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.